ராத்திரியானால் ஆஃப்லைன் ஆகும் வைஃபை கேமரா: கோளாறு எங்கே?

கொக்கிரகுளத்தான்:
பாளையங்கோட்டையில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் பெங்களூரில். கேட்டுக்கு மேல் ஒரு வைஃபை கேமரா, கொல்லைப்பக்கம் பேட்டரியில் ஓடுகிற ஒன்று. கேட் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், இருட்டினால் ஆஃப்லைன், கொஞ்ச நேரத்தில் தானாக வரும், மறுபடி போகும். போன வாரம் வாசலில் நின்ற பைக்கில் பெட்ரோல் உருவிவிட்டார்கள், அந்த நேரத்துக்கு ஒரு பதிவும் இல்லை. கொல்லைக் கேமராவில் ஆள் திரும்பிப் போகிற முதுகுதான் விழுகிறது. அதுவும் மே மாதத்தில் பாதி நாள் எதையுமே பிடிக்கவில்லை. ரவுட்டர் ஹாலில், இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறது. வேறு கம்பெனி கேமரா வாங்கிவிடலாமா?

சிக்னல்சாமி:
வாங்காதீங்க, அதுவும் இதையேதான் செய்யும். சாயங்காலம் தெருவே வீட்டுக்கு வந்து வைஃபையில் உட்காரும், கேமரா ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடமே இருக்காது. ரவுட்டரில் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் காலியாக இருப்பதை வையுங்கள். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் இதற்கும் ஒரே பெயர் இருந்தால் வேறு வேறு பெயர் வைத்துப் பிரித்துவிடுங்கள். கேமரா ஆப்பில் சிக்னல் மைனஸ் 75 dBm-க்குக் கீழே (மைனஸ் 80 மாதிரி) காட்டினால் சேனல் மாற்றியும் பெரிய பயன் இருக்காது, ரவுட்டரைத்தான் வாசல் பக்கம் நகர்த்த வேண்டும்.

கம்பிக்காரன்:
சிக்னல்சாமி சொல்வது பொதுவாகச் சரி, ஆனால் இங்கே அது இல்லை என்று நினைக்கிறேன். இருட்டினதும்தானே போகிறது? அப்போதுதான் நைட் விஷனுக்காகக் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், கரண்ட் அதிகம் இழுக்கும். கேட் வரைக்கும் 5 வோல்ட்டை எப்படிக் கொண்டுபோனார்கள்? ஹாலில் சார்ஜரைச் செருகி, மெல்லிசு யூஎஸ்பி ஒயரை நீட்டி ஒட்டுப்போட்டு இழுத்திருந்தால் அந்த முனையில் 5 வோல்ட் இருக்காது. பகலில் குறைவாக இழுப்பதால் எப்படியோ தாங்கும், விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் விழுந்து கேமரா ரீஸ்டார்ட் ஆகும். இன்றைக்கு ராத்திரி நைட் விஷனை ஆஃப் பண்ணிவிட்டு, வாசல் லைட்டை எரியவிடச் சொல்லுங்கள். விடிகிற வரைக்கும் ஆன்லைனில் நின்றால் பிரச்சினை பவர்தான். அப்படியானால் கேட் பக்கமே மழை படாத ஒரு பெட்டி வைத்து, 230 வோல்ட் லைனை எலக்ட்ரீஷியனை விட்டு அங்கே கொண்டுவந்து, அடாப்டரை அதற்குள் போடுங்கள்.

கொல்லையில் இருப்பது வேறு கதை. பேட்டரி கேமரா எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும், உடல் சூட்டின் அசைவை சென்சார் உணர்ந்த பிறகுதான் எழுந்து பதிவு செய்யும், அதற்குள் ஆள் பாதி தூரம் போயிருப்பான். நேராகக் கேமராவை நோக்கி வருகிறவனைவிடக் குறுக்கே நடக்கிறவனை அந்த சென்சார் நன்றாகப் பிடிக்கும், அதனால் திசையை மாற்றிப் பாருங்கள். மே மாதம் நம்ம ஊர் வெயிலில் சுவரும் மனுஷனும் ஏறக்குறைய ஒரே சூடு, அது பாவம் என்ன செய்யும்.

மாடிவீட்டு மணி:
ஒட்டடையையும் பாருங்க சார். எங்கள் வீட்டில் கேமரா மூக்கிலேயே சிலந்தி வலை கட்டும், ராத்திரி ஒரு இழை காற்றில் ஆடினால் போதும், விடிய விடிய அலர்ட். கடுப்பாகி எல்லாரும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவார்கள், அப்புறம் திருடன் வந்தாலும் தெரியாது. மெமரி கார்டும் சாதாரணமானது என்றால் ஓயாமல் எழுதி எழுதிச் செத்துப்போகும், ஹை எண்டூரன்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இன்னொன்று, வைஃபையையே முடக்கிவிட்டால்? 2024-இல் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து எடினாவில் திருடர்கள் அப்படிச் செய்துதான் வீடு புகுந்தார்கள் என்று போலீஸ் சந்தேகப்பட்டது. அதனால் கேட்டுக்காவது லான் கேபிள் இழுத்து பிஓஇ கேமரா போடுங்கள் என்பேன். பவரும் படமும் ஒரே கேபிளில், 100 மீட்டர் வரை போகும்.

கொக்கிரகுளத்தான்:
கம்பிக்காரன் அண்ணே, நைட் விஷனை அணைத்தோம், ராத்திரி முழுக்க ஒரு தடவைகூடப் போகவில்லை! ஒயரை அப்பா போட்டோ அனுப்பினார், நடுவில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இரண்டு இருக்கிறது. பெட்டி வைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். மணி சார், அவர் சுவரைத் துளைக்கும்போதே லான் கேபிளுக்கும் பைப் விடச் சொல்லலாமா, இல்லை கரண்ட் லைனும் அதுவும் ஒரே பைப்பில் போகக்கூடாதா?

கம்பிக்காரன்:
ஒரே பைப்பில் வேண்டவே வேண்டாம். தனிப் பைப், கொஞ்சம் தள்ளி.