கதிர்காம நடைக்கு முதுகுப்பையின் பாரத்தைக் குறைப்பது எப்படி?

கிளிநொச்சி, கடைப் பணியாளர்:

வணக்கம். முதுகுப்பை, கூடாரம், மழைச்சட்டை முதலியவற்றை விற்கும் கடையொன்றில் பணியாற்றுகிறேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்களில் சிலர் எங்களிடம் பை வாங்குவதுண்டு. கடந்த ஆண்டு ஓர் இளைஞருக்கு 65 லீற்றர் பையை நானே தெரிந்து கொடுத்தேன். பையில் இடம் இருந்ததால் கண்டதையெல்லாம் அடுக்கி, 15 கிலோவுடன் புறப்பட்ட அவர், தோள் புண்ணாகி முல்லைத்தீவில் உறவினர் வீட்டில் பாதியை இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே நடந்தாராம். அது என் தவறு என்றே கருதுகிறேன். துணியின் தரமும் பொருளின் எடையும் எனக்குத் தெரியும்; பத்தாம் நாள் தோளுக்குத் தெரிவது எனக்குத் தெரியாது. உணவும் தண்ணீரும் நீங்கலாக 4.5 கிலோவுக்குள் பாரத்தை அடக்கும் நடையர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். நமது வெயிலில் எதை விட்டுச் செல்லலாம், எதை விடவே கூடாது?

ஒட்டுசுட்டான், மூன்று முறை நடந்தவர்:

தம்பி, முதலில் கூடாரத்தையும் உறக்கப்பையையும் விடச் சொல்லுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் ஒரு சாரமும் மெல்லிய போர்வையும் போதும். இரண்டு கிலோக் கூடாரத்துக்குப் பதிலாக இலேசான படங்கும் நுளம்பு வலையும் கொண்டு போனேன். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் குறைவு. உடுப்பு இரண்டு சோடி, ஒன்றைத் துவைத்து மற்றதை உடுக்கலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் பாரம், காயவும் நேரமெடுக்கும்.

உணவைப் பற்றித்தான் பலர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். ஊர்கள் உள்ளவரை கோயில்களில் அன்னதானம் கிடைக்கும். உகந்தை முருகன் கோயிலைக் கடந்து குமண, யால காடுகளுக்குள் இறங்கிய பின்னர்தான் உணவைச் சுமக்க வேண்டும்; எங்கள் குழுவுக்கு அப்பகுதி ஐந்து நாட்கள் எடுத்தது. அவல், பனங்கட்டி, வறுத்த அரிசிமா, பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்கு அடுப்பு வேண்டியதில்லை. சமைப்பதென்றால் குழுவுக்கு ஒரு பானை போதும். ஆளுக்கொரு பானை தூக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வவுனியா, தாதி:

குறைக்கக் கூடாதது தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் அதைக் குறைக்கத்தான் மனம் போகும். அங்கே கைவைக்காமல், பாத்திரத்தில் குறையுங்கள். உருக்குப் போத்தல் வெறுமையாகவே 300 கிராமுக்கு மேல் நிறுக்கும், சாதாரண பிளாஸ்டிக் போத்தல் அதில் பத்திலொரு பங்குதான். 0.1 மைக்ரோன் அளவு நுண்துளைகள் கொண்ட தண்ணீர் வடிகட்டி ஏறக்குறைய 85 கிராம். அது பற்றீரியாவைத் தடுக்கும். ஆனால் உவரை அகற்றாது என்பதைக் கடையில் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் நாயாறு, கொக்கிளாய் நீரேரிக் கரைகளில் அதை நம்பி வெறும் போத்தலுடன் நடந்தால் ஆபத்து. குளத்துக் கலங்கலை முதலில் தெளியவைத்துச் சாரத்தால் வடிக்காவிட்டால் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். உடலின் நீரிழப்பை ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்றுகள் சிலவும் பையில் இருக்கட்டும். தம்பி, இன்னொன்று: பாரம் குறைந்த உற்சாகத்தில் குறுக்குவழி தேடிப் பற்றைக்குள் எவரும் இறங்கக் கூடாது. நமது மண்ணில் மிதிவெடி இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை.

மாங்குளம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி 1955இல், தமது 67ஆவது வயதில், அப்பலாச்சியன் மலைத்தொடர் வழியே செல்லும் நெடும்பாதை முழுவதையும் தாமே தைத்த துணிப்பையொன்றைத் தோளில் போட்டு நடந்து முடித்தார். கூடாரம் கொண்டு செல்லவில்லை. குளியலறைத் திரையொன்றே மழைக்கு மறைப்பு. பை எப்படி இருக்க வேண்டும் என்பதை அதற்குள் போகும் பொருள்தான் தீர்மானிக்க வேண்டும். எனவே தம்பி, பையைக் கடைசியாக வாங்கச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி, கடைப் பணியாளர்:

மிக்க நன்றி, ஐயா, அண்ணை, அக்கா. பை வாங்க வருபவர்களிடம், கொண்டுபோகும் பொருட்களையெல்லாம் முதலில் கடைக்கு எடுத்து வரச் சொல்லப் போகிறேன். தராசில் நிறுத்து, அடுக்கிப் பார்த்த பின்னரே 35 லீற்றரா 45 லீற்றரா என்று முடிவுசெய்வோம். நடந்து திரும்பியவர்கள், ஒரு முறையேனும் எடுக்காத பொருட்களின் பட்டியலை இங்கே எழுதினால் அதைக் கடையில் ஒட்டி வைப்பேன்.

ஒட்டுசுட்டான்:

என்னுடையது: இரண்டாவது ரோச், தடித்த துவாய், மடிப்புக் கதிரை.