பழைய தரை மேல புதுத் தரை: நீங்க பார்த்த கூத்து என்ன?

கொத்துக்கரண்டி:
இப்போ வீட்டைப் புதுப்பிக்கிறவங்க பாதிப் பேர் கேட்கிறது ஆத்தங்குடிக் கல்தான். ஒரு ஃப்ளாட், ஹால் முழுக்க 10 அங்குலக் கல். வேலை முடிஞ்ச சாயங்காலம், இடுக்குல போட்ட ஒயிட் சிமெண்ட் கறை போகணும்னு ஹெல்பர் ஆசிட்டை ஊத்திட்டார். செராமிக் டைல்ஸுக்குச் செஞ்ச பழக்கம். சுர்ருனு நுரை வந்தது. துடைப்பம் போன வழியெல்லாம் பச்சைப் பூ வெளுத்துப் போச்சு.

இது சூளையில சுட்ட கல் இல்ல. கண்ணாடி மேல அச்சு வச்சு, கலர் சிமெண்ட் ஊத்தி, பின்னால சாந்து போட்டு, தொட்டித் தண்ணியில ஊற வச்சு எடுக்கிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, செராமிக்ல இருக்கிற மாதிரி கிளேஸ்ங்கிற சுட்ட மேல்பூச்சு கிடையாது. ஆசிட் சிமெண்டைத் தின்னுடும். மெஷின் பாலிஷ் போட்டு மீட்கலாம்னா கலர் இருக்கிறதே சில மில்லிமீட்டர். கை வேலைங்கிறதால அடுத்த லாட்டில் அதே பச்சையும் வராது. முதல்லயே 10 சதவீதம் கூட வாங்கி வச்சிருக்கணும்.

ரசமட்டம்:
ஆசிட்டை விடுங்க, உயரம் பார்த்தீங்களா? கல் முக்கால் அங்குலத்துக்குக் குறையாது, அடியில் சாந்து ஒன்றரை. ஆக இரண்டே கால் அங்குலம். பழைய மொசைக்கைப் பேர்க்காம மேலேயே போட்ட ஒரு வீட்ல வாசக்கதவைத் திறந்ததும் புதுக் கல்லில் அரைவட்டமா ஒரு கீறல். கதவு தேக்கு, அடியை இழைச்சுட்டாங்க. பாத்ரூமை என்ன பண்றது? ஹால் உயர்ந்ததால வந்த பள்ளத்தில் கால் இடறாம இருக்க, அதோட வாசப்படியை ஒட்டி உள்தரையை ஏத்தி விட்டாங்க. சரிவு செத்துப் போச்சு, குளிச்ச தண்ணி ஹாலுக்கு வருது.

மட்டப்பலகை:
அதனாலதான் நான் சொல்றது நாலடிக்கு ரெண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ். சாந்துக்குப் பதிலா கம், அதாவது டைல்ஸ் பசை போட்டு ஒட்டினா மொத்தமே அரை அங்குலம் சொச்சம்.

தூக்குக்குண்டு:
ஒட்டினா மட்டும் போதாது மட்டப்பலகை. ஏப்ரல் மதியம், ரெண்டு மணி. டப்புனு ஒரு சத்தம், நடு ஹாலில் ரெண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு நின்னது. புரட்டிப் பார்த்தா பின்னால அஞ்சு உருண்டை கம். நடுவுல ஒண்ணு, நாலு மூலையில நாலு, மீதி வெறும் காத்து. டைல்ஸுக்கு நடுவுல இடைவெளி விட வைக்கிற ஸ்பேசர் இல்ல, சுவரோரம் முட்ட முட்ட ஓட்டியிருக்காங்க. வெயிலுக்கு விரியற டைல்ஸுக்குப் போக இடம் வேணாமா?

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். பழைய தரையைக் கம்பியால தட்டிப் பாருங்க, பொள்ளுனு கேட்கிறதைப் பேர்த்துச் சாந்து போட்டு அடைங்க. வழவழப்பு மேல கம் பிடிக்காது, கிரைண்டர் ஓட்டிச் சொரசொரப்பாக்கி எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவணும். புது டைல்ஸ் பின்னால இருக்கிற வெள்ளைப் பொடியை ஈரத்துணியால துடைக்கணும், இதை யாரும் செய்யறதே இல்ல. 10 மி.மீ. பல்லு கரண்டியால ஒரே திசையில கோடு இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லிசா ஒரு பூச்சு. 20 கிலோ கம் மூட்டை இப்படிப் போட்டா 30, 35 சதுர அடிதான் வரும். அறுபது வரும்னு சொல்ற ஆள் உருண்டை வைக்கப் போறார். இடைவெளி 2 மி.மீ., சுவரோரம் 5 மி.மீ., அது சுவரடியில ஒட்டுற ஸ்கர்ட்டிங் பட்டைக்கு அடியில் மறைஞ்சுடும். நீள டைல்ஸ் நடுவுல லேசா வளைஞ்சிருக்கும், அதனால செங்கல் மாதிரி பாதிக்குப் பாதி மாத்தி அடிக்காதீங்க. ஓரம் தூக்கிக் கால்ல இடிக்கும்.

கொத்துக்கரண்டி:
நான் பேசினது ஆத்தங்குடி. நாலுக்கு ரெண்டுக்குத் தனி இழை போடுங்க தூக்குக்குண்டு. ரசமட்டம் சொன்ன உயரம் சரிதான், நான் சொன்ன ஃப்ளாட்ல மொசைக்கைப் பேர்த்துட்டுத்தான் போட்டாங்க.

விட்டுப்போன ஒண்ணு: கல்லை நனைச்சுத்தான் வைக்கணும். காஞ்ச கல் சாந்தில் இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், பிடிப்பு இருக்காது. இடுக்குக்கும் ஒயிட் சிமெண்ட் வேணாம், கல்லோட நிறத்திலேயே சிமெண்ட் பாலைக் கரைச்சு ஊத்தி, காயறதுக்குள்ள ஸ்பாஞ்சால துடைச்சா ஆசிட் பாட்டிலைத் திறக்கவே வேண்டியிருக்காது.