மார்த்தாண்டம், தக்கலை பக்கம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது) கூட்டம் உண்டா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு எனக்கு. குடியை விட்டு இன்றோடு 43 நாள். ஞாயிறுதோறும் நாகர்கோவில் கூட்டத்துக்குப் போகிறேன். கட்டணம் கிடையாது, நிறுத்தும் ஆசை இருந்தால் போதும்.

மழை பெய்தால் வெட்டு இல்லை. சும்மா இருக்கும் அந்தப் பகல்தான் கஷ்டம். நேற்று சட்டையை மாட்டி வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம் கூட்டத்து அண்ணனுக்கு போன் அடித்தேன். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம் மக்ளே, ஒரு கட்டன்சாயா போட்டுக் குடி" என்றார். அந்தச் சாயாவைத்தான் குடித்தேன்.

ஞாயிறு மட்டும் போதவில்லை. வாரநாளில் சாயங்காலம் தமிழில் நடக்கும் கூட்டம் தெரிந்தால் சொல்லுங்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் மூன்றாவதுவரை குமாரகோயில் முருகனை நம்பி வந்துவிட்டேன். நான்காவதில், நம் குறைகளை நாமே எழுத வேண்டும். எழுதிப் பழகாத கை. கூட உட்கார யாராவது அண்ணன்மார் உண்டா? பெயர் வேண்டாம், இன்பாக்ஸில் சொன்னால் போதும்.