வேலை நாள் கணக்கில் வெள்ளிக்கிழமை காணாமல் போனது

பைதான் நிரல்மொழியில் எழுதப்பட்டிருந்த ஒரு வேலைநாள் கணக்கீட்டை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாற்றும் பணி என்னிடம் வந்தது. கோரிக்கை பதிவான நாளிலிருந்து, சனி ஞாயிறை விட்டுவிட்டு, இத்தனை வேலை நாள்கள் என்று கூட்டிக் கெடு தேதியைச் சொல்வதுதான் அந்த நிரலின் வேலை. கிழமை எண் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் வார விடுமுறை என்று பழைய நிரலில் ஒரே ஒரு வரி இருந்தது. அதை அப்படியே எடுத்து எழுதினேன். கிழமை எண்ணைத் தரும் பைதானின் வீக்டே (weekday) செயல்பாடு திங்களை 0 எனக் கொண்டு தொடங்குவதால் சனி 5, ஞாயிறு 6 ஆகும். ஜாவாஸ்கிரிப்டில் அதே வேலையைச் செய்யும் கெட்டே (getDay) செயல்பாட்டில் ஞாயிறுதான் 0. அங்கே 5 என்பது வெள்ளி, 6 என்பது சனி.

இவ்வளவு பெரிய பிழை சோதனையில் சிக்கவில்லை என்பதே என்னை மிகவும் உலுக்கியது. எடுத்துக்காட்டாக, 2024 மார்ச் 4, திங்கட்கிழமையோடு 5 வேலை நாள்களைக் கூட்டினால் சரியான விடை மார்ச் 11. பிழையான நிரலும் செவ்வாய், புதன், வியாழன், ஞாயிறு, திங்கள் என்று எண்ணி அதே மார்ச் 11-ஐத்தான் தந்தது. எப்படி எண்ணினாலும் வாரத்துக்கு ஐந்து வேலை நாள்களே வரும் என்பதால், திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களிலிருந்து தொடங்கி, 5, 10 என்று முழு வாரங்களாகவே நான் எழுதியிருந்த சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டன. 4 நாள் கெடு கேட்ட ஒருவருக்கு, மார்ச் 8 வெள்ளிக்குப் பதிலாக மார்ச் 10 ஞாயிறு என்று விடை போனபோதுதான் விஷயம் வெளிவந்தது.

எண்ணை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் வார விடுமுறை என்பது நிரலுக்குள் எழுதிவைக்க வேண்டிய எண்ணே அல்ல என்று அப்போது உறுதியாகத் தோன்றியது. வெள்ளியும் சனியும் விடுமுறை என்ற என் பிழையான விதி, 2021 முடியும் வரை ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் சரியான விதியாகவே இருந்தது. 2022 ஜனவரி முதல் அங்கே கூட்டரசு அலுவலகங்களுக்குச் சனி ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். ஆனால் ஷார்ஜாவிலோ வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுமே விடுமுறை. சவுதி அரேபியாவும் 2013-இல் வியாழன் வெள்ளியிலிருந்து வெள்ளி சனிக்கு மாறியது. எனவே இடம், விடுமுறைக் கிழமைகள், நடைமுறைக்கு வந்த தேதி ஆகியவற்றைக் கொண்ட அட்டவணையிலிருந்து நிரல் படிக்குமாறு மாற்றினோம். பழைய தேதிகளுக்குப் பழைய விதியே பொருந்த வேண்டும் என்பதால் தேதி இல்லாத அட்டவணை உதவாது.

சோதனைகளையும் மாற்றி எழுதினேன். ஏழு கிழமைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் தொடங்கி, 1 முதல் 7 வரை எல்லா எண்ணிக்கைகளையும் கூட்டிப் பார்க்கும் 49 கணக்குகள் இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓடுகின்றன.