அம்மாவுக்கு மலநுண்ணுயிர் மாற்று சிகிச்சை: கொலனோஸ்கோப்பி வழியா, கேப்சூலா?

அம்மாவுக்கு வயது 71. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததிலிருந்து குடலில் சி.டிஃப் (க்ளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில்) என்ற பாக்டீரியாவின் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து சாப்பிடும்வரை சரியாக இருக்கிறார், நிறுத்திய சில வாரங்களில் மறுபடி தண்ணீராகப் போகிறது, வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது, காய்ச்சலும் வருகிறது. உடம்பு பாதியாகிவிட்டது. கழிப்பறைக்குப் பக்கத்து அறையிலேயே கட்டிலைப் போட்டிருக்கிறோம்.

முதலில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 125 மி.கி., தினம் 4 வேளை, 10 நாள். திரும்பி வந்ததும் அதையே படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் ஃபிடாக்ஸோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக். ஒவ்வொரு முறையும் மலத்தில் டாக்சின் (அந்த பாக்டீரியா சுரக்கும் நச்சு) பாசிட்டிவ், அதனால் வெறும் குடல் எரிச்சல் இல்லை என்பது உறுதி. புரோபயாட்டிக்கால் பலனில்லை.

இப்போது டாக்டர், ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் சேர்க்கும் சிகிச்சையைச் சொல்கிறார். 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இது வான்கோமைசினை விடத் தெளிவாக நன்றாக வேலை செய்தது என்பதால் எனக்கு முழு நம்பிக்கை. கொடையாளரின் ரத்தம், மலம் இரண்டையும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உட்படப் பரிசோதிப்பார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம், அது ஆபத்து.

சிக்கல் வழியில்தான். அம்மாவுக்கு இதயம் பலவீனம், ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் கொலனோஸ்கோப்பிக்கு மயக்க மருந்து கொடுக்கப் பயமாக இருக்கிறது. கேப்சூல் என்றால், சின்ன மாத்திரையே தொண்டையில் நின்று புரையேறுகிறது. முடிவை எங்களிடமே விட்டிருக்கிறார் டாக்டர்.

இதே நிலையில் வயதானவர்களுக்கு இந்தச் சிகிச்சை செய்தவர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன்?