புதுப்பிப்பு: பேக்கரி வேலைக்குப் போன நம்ம மாணவன்

அறிவுசார் குறைபாடுள்ள என் மாணவனைச் சம்பள வேலைக்கு எப்படித் தயார்செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பேக்கரியில் பிஸ்கட்டைப் பாக்கெட் போடுகிறான்.

வகுப்பில் மணி கோத்துப் பழகியதைவிட, கடையிலேயே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததுதான் கைகொடுத்தது. எண் படிக்க வராது. அதனால் தராசின் ஒரு தட்டில் 250 கிராம் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை மாதிரிக்கு வைத்துவிட்டோம். முள் நடுவில் நின்றதும் பாக்கெட்டை ஒட்டிவிடுவான்.

திருப்பாப்புலியூரில் பஸ் மாறுவதும் பழகிவிட்டது, அவன் அம்மாவுக்குத்தான் இன்னும் பழகவில்லை!

சம்பளம் வங்கிக் கணக்கில்தான் என்று முதலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். டீக்காசு கொடுத்து அனுப்புகிற கதையே கூடாது.

இட ஒதுக்கீடு பற்றிக் கேட்டவர்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 4 சதவீதம் அரசு வேலைக்குத்தான். அதிலும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்தே 1 சதவீதம்.