என்எஃப்எல் சம்பள உச்சவரம்பு செல்லும், என்சிஏஏ போடும் விதி மட்டும் ஏன் கோர்ட்டில் நிற்பதில்லை?

கடைசி குவார்ட்டர் கேட்டது:

சனிக்கிழமை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை லீகான என்எஃப்எல் என்று வார இறுதியை ஓட்டுகிற ஆள் நான். சட்டம் படித்தவன் இல்லை, கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்எல்லில் 2025க்கு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து "இதற்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது" என்கிறார்கள். டிராஃப்ட் என்று ஒன்று வைத்து, இருபத்திரண்டு வயதுப் பையனிடம் நீ இந்த அணியில்தான் ஆட வேண்டும் என்கிறார்கள். வேறு எந்தத் தொழிலிலாவது இப்படிச் செய்ய முடியுமா? ஆனால் கோர்ட் ஒன்றும் சொல்வதில்லை. அதே சமயம் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ ஏதாவது விதி போட்டால், வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் காத்திரு என்றாலும் சரி, இத்தனை சீசன்தான் ஆடலாம் என்றாலும் சரி, அடுத்த மாதமே எங்கோ ஒரு ஃபெடரல் நீதிபதி தடை போட்டுவிடுகிறார். இரண்டும் ஒரே வேலைதானே? ஒன்று மட்டும் எப்படிச் சட்டப்படி சரியானது?

அப்புறம் இன்னொன்று. கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்று முடிந்த ஹவுஸ் வழக்கு சமரசத்தில், 2025-26க்கு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் என்று ஓர் உச்சவரம்பு வந்திருக்கிறது. நீதிபதியே கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்படியென்றால் இனி வழக்குகள் ஓய்ந்துவிடுமா?

---

பழைய சட்ட மாணவன் பதில்:

அசட்டுக் கேள்வி இல்லை நண்பரே. எனக்கு விளையாட்டுச் சட்டம் எடுத்த பேராசிரியர் முதல் வகுப்பிலேயே கேட்ட கேள்வி இது. பதில் ஒரே சொல்தான்: யூனியன்.

1890இல் வந்த ஏகபோகத் தடைச் சட்டமான ஷெர்மன் சட்டத்தின்படி, போட்டியாளர்கள் கூடி விலையையோ கூலியையோ நிர்ணயிப்பது குற்றம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரி டிராஃப்டும் உச்சவரம்பும் அப்பட்டமான கூட்டுச்சதிதான். ஆனால் அமெரிக்காவில் தொழிலாளர் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து முதலாளிகளோடு பேரம் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தால், அதில் உள்ள விதிகளை ஏகபோகத் தடைச் சட்டத்தை வைத்துத் தாக்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. வீரர்கள் உச்சவரம்பை ஏன் ஒப்புக்கொண்டார்கள்? பதிலுக்கு லீக் வருமானத்தில் பங்கு, குறைந்தபட்சச் சம்பளம், ஓய்வூதியம், ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்ததும் வேறு அணிக்குப் போகும் உரிமை) எல்லாம் வாங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கவசம் எவ்வளவு தடிமன் என்று பார்க்க இரண்டு வழக்குகள் போதும். மாரிஸ் கிளாரெட் என்ற ஒஹாயோ ஸ்டேட் ரன்னிங் பேக், பள்ளி முடித்து மூன்று சீசன் ஆகாமல் என்எஃப்எல்லுக்குள் வரக் கூடாது என்ற விதியை எதிர்த்துப் போனார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார், 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோட்டோமேயர். கிளாரெட் அப்போது யூனியனில் உறுப்பினர்கூட இல்லை, ஆனாலும் யூனியனும் லீகும் பேச வேண்டிய விஷயம் இது என்று முடித்துவிட்டார்கள். இன்னொன்று 1996இல் வந்த பிரவுன் வழக்கு. பயிற்சி அணி வீரர்களுக்கு வாரத்துக்கு 1,000 டாலர்தான் என்று அணிகள் சேர்ந்து நிர்ணயித்தன, யூனியன் சம்மதிக்கவே இல்லை, பேச்சு முறிந்துபோனது. அப்படியும் உச்ச நீதிமன்றம் அணிகள் பக்கம்தான் நின்றது. பேரம் நடந்ததே போதும் என்பது வாதம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கூத்து 1989இல் நடந்தது. யூனியன் இருக்கும் வரை வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது என்று புரிந்ததும் என்எஃப்எல் வீரர்கள் தங்கள் யூனியனையே கலைத்துவிட்டார்கள்! கவசம் போனதும் வழக்குகள் பாய்ந்தன, 1992இல் ஜூரி வீரர்கள் பக்கம் சாய்ந்தது, 1993இல் சமரசம், ஃப்ரீ ஏஜென்சி வந்தது. உடனே யூனியனை மறுபடி அமைத்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்ட சம்பள உச்சவரம்பு 1994இல் தொடங்கியதும் அந்தச் சமரசத்திலிருந்துதான். தொழிற்சங்கத்தைக் கலைப்பது தொழிலாளியின் ஆயுதமாக இருந்த இடம் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை.

இப்போது கல்லூரிக்கு வாருங்கள். என்சிஏஏவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேச ஆளே இல்லை. கல்லூரி வீரர்கள் தொழிலாளர்களே இல்லை என்று எழுபது வருடமாகச் சொல்லி வந்தவர்கள் இவர்கள்தான். "மாணவ வீரர்" என்ற சொல்லே 1950களில், அடிபட்ட ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் தொழிலாளர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது அதைத் தவிர்க்க உருவாக்கியது. அப்போது என்சிஏஏவை நடத்திய வால்டர் பையர்ஸ் பின்னாளில் தானே இதை எழுதியிருக்கிறார். தொழிலாளி இல்லை என்பதால் யூனியன் இல்லை, யூனியன் இல்லாததால் கவசம் இல்லை, கவசம் இல்லாததால் ஒவ்வொரு விதியும் வெறும் கூட்டுச்சதியாக நிர்வாணமாக நிற்கிறது. தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான்.

2021 ஆல்ஸ்டன் வழக்கில் என்சிஏஏ உச்ச நீதிமன்றத்தில் 9க்கு 0 என்று தோற்றது. அந்த வழக்கு கணினி, மேற்படிப்பு உதவி போன்ற கல்வி சார்ந்த பலன்கள் பற்றியதுதான், சின்ன விஷயம். ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில், வேறு எந்தத் தொழிலிலும் வேலை செய்கிறவனுக்குச் சந்தைக் கூலி கொடுக்காமல் இருப்பதுதான் எங்கள் சரக்கின் தனித்தன்மை என்று சொல்லித் தப்ப முடியாது என்ற பொருளில் போட்டார் ஒரு போடு. அன்றிலிருந்து நாட்டில் உள்ள ஒவ்வொரு வக்கீலும் அந்தப் பக்கத்தைத்தான் மனுவில் ஒட்டுகிறார்.

---

ஓரத்து நாற்காலி பதில்:

அப்படியென்றால் தீர்வு எளிது, கல்லூரி வீரர்கள் யூனியன் அமைக்கட்டும், முடிந்தது கதை. டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்துப் பையன்கள் யூனியனுக்கு ஓட்டுப் போட்டு ஜெயித்தார்களே, என்ன ஆயிற்று?

---

பழைய சட்ட மாணவன் பதில்:

2024 மார்ச்சில் 13க்கு 2 என்று ஜெயித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது, விவகாரம் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்குப் போனது, அரசு மாறப் போகிறது, வாரியத்தின் ஆட்களும் மாறுவார்கள் என்று தெரிந்ததும் அந்த வருடக் கடைசி நாளில் யூனியனே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தோற்றால் எல்லாருக்கும் எதிரான முன்னுதாரணம் ஆகிவிடும் என்ற பயம். 2015இல் நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் அணியின் மனுவை வாரியம் எங்களுக்கு இதில் அதிகாரம் செலுத்த விருப்பமில்லை என்று நழுவவிட்டதும் நினைவிருக்கும்.

ஆனால் உண்மையான முட்டுக்கட்டை வேறு. அந்தத் தொழிலாளர் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு மட்டும்தான். பெரிய ஃபுட்பால் அணிகளில் பெரும்பாலானவை மாநிலப் பல்கலைக்கழகங்கள், அவற்றுக்கு அந்தந்த மாநிலச் சட்டம். தெற்கே சில மாநிலங்களில் அரசு ஊழியர்கள் கூட்டுப்பேரம் பேசவே கூடாது. ஒரே கான்ஃபரன்ஸில், அதாவது ஒரே கல்லூரி அணிக் கூட்டமைப்பில், ஆடுகிற வாண்டர்பில்ட் தனியார், அலபாமா அரசு. ஒரு அணிக்கு யூனியன், எதிரே நிற்கும் அணிக்குத் தடை என்றால் யாரோடு என்ன ஒப்பந்தம் போடுவது? ஓட்டுப் போட்டால் முடிந்தது கதை என்று சொல்வது சுலபம் பாஸ்.

2024 ஜூலையில் மூன்றாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜான்சன் வழக்கில், கல்லூரி வீரர்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி தொழிலாளர்களாக இருக்கலாம், "அமெச்சூர்" என்ற முத்திரையை வைத்தே தள்ளிவிட முடியாது என்று சொல்லியிருக்கிறது. அது தனி ரயில், இன்னும் ஸ்டேஷன் வந்து சேரவில்லை.

---

நீச்சல் அம்மா பதில்:

நீங்கள் எல்லாரும் ஃபுட்பாலையே பேசுகிறீர்கள். இந்த ஹவுஸ் வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் கிரான்ட் ஹவுஸ், அரிசோனா ஸ்டேட்டின் நீச்சல் வீரர், அதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த அந்தச் சமரசத்தில் அதிகம் அடிபட்டது நீச்சல் மாதிரி விளையாட்டுகள்தான்.

என் மகள் ஒரு கல்லூரி நீச்சல் அணியில் உதவித்தொகை இல்லாமல், வாக்-ஆனாகச் சேர்ந்தவள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து இரண்டு வருடம் போனாள். சமரசம் என்ன செய்தது என்றால், உதவித்தொகை எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட்டு அணிக்கு இத்தனை பேர்தான் என்று ரோஸ்டர் வரம்பைப் போட்டது. ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34. முன்பு 85 உதவித்தொகையோடு ஃபுட்பால் அணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். காகிதத்தில் பார்த்தால் வரம்புக்குள் இருக்கும் எல்லாருக்கும் உதவித்தொகை கொடுக்கலாம் என்று தாராளமாகத் தெரியும். நடைமுறையில் பயிற்சியாளர் ஒருநாள் பத்து நிமிடக் கூட்டத்தில் பெயர்களை வாசித்து முடித்துவிட்டார். சமரசம் இறுதியாவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள்.

வில்கன் அதைப் பார்த்துத்தான் ஏப்ரலில் ஒப்புதலை நிறுத்திவைத்தார், வெட்டப்பட்டவர்களை வரம்புக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுக்கலாம் என்று திருத்தினார்கள். எடுக்க"லாம்". எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எங்கள் வீட்டுக்கு எந்தப் போனும் வரவில்லை.

பணப் பங்கீட்டையும் பாருங்கள். 2016இலிருந்து ஆடியவர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் நஷ்டஈடு, அதில் பெரும் பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும். டைட்டில் நைன் என்று 1972 முதல் பெண்களுக்குச் சம வாய்ப்புச் சட்டம் ஒன்று இருக்கிறதே என்று கேட்டுச் சில வீராங்கனைகள் உடனே மேல்முறையீடு போனார்கள், அதனால் அந்தப் பணப் பட்டுவாடா நிறுத்திவைக்கப்பட்டது. புதிதாகக் கொடுக்கும் வருடாந்திரப் பணத்துக்கு டைட்டில் நைன் பொருந்துமா? 2025 ஜனவரியில் கல்வித் துறை பொருந்தும் என்றது. பிப்ரவரியில் புது நிர்வாகம் வந்து அதை ரத்து செய்தது. நாலு வாரம்கூட நிற்கவில்லை.

---

ஓரத்து நாற்காலி பதில்:

அக்கா, மகளுக்கு நேர்ந்தது தெரியாமல் "எளிது" என்று எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அவள் இப்போது நீந்துகிறாளா?

---

நீச்சல் அம்மா பதில்:

கிளப் அணியில் நீந்துகிறாள் தம்பி. நாலரைக்கு எழுவதில்லை, அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். வருத்தமெல்லாம் எனக்குத்தான் போல.

---

எஃப்-ஒன் தம்பி பதில்:

இதில் யாருமே தொடாத ஒரு கூட்டம் நாங்கள். மாணவர் விசாவில் வந்து ஆடுகிறவர்கள். டென்னிஸ் அணிகளில் பாதிப்பேர் வெளிநாட்டவர்தான் என்று தோன்றும். 2021 ஜூலையிலிருந்து பெயர், படம், உருவத்தை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று என்சிஏஏ கதவைத் திறந்தது. ஆனால் எஃப்-ஒன் விசாவில் கல்லூரி வளாகத்துக்குள் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேர வேலைதான், வெளியே வேலை என்றால் தனி அனுமதி. உள்ளூர்க் கார் கடைக்காரருக்கு ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்தால் அது வேலையா இல்லையா? வேலை என்று முடிவானால் போவது பணமல்ல, விசா. கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கார் சீப்வே, 2022இல் அணி பஹாமாஸுக்கு ஆடப் போனபோது விளம்பர வேலைகளை அங்கேயே செய்தார், அமெரிக்க மண்ணில் வேலை செய்யவில்லை என்று காட்டத்தான். அவருக்குப் பஹாமாஸ் இருந்தது. எனக்கு இருப்பது இரட்டையர் ஆட்டத்தில் மூன்றாவது இடம். யாராவது கேட்டால் விமான நிலையத்தில் எடுத்த படத்தை வேண்டுமானால் விற்கிறேன். என்னைப் போன்றவர்கள் எதிலும் கையெழுத்துப் போடும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும், தனியாக ஒரு குடியேற்ற வக்கீலிடமும் கேளுங்கள். பயிற்சியாளர் "ஒன்றும் ஆகாது" என்பார். அவருக்கு ஒன்றும் ஆகாது.

---

கடைசி குவார்ட்டர் மறுபடி:

ஒரு கேள்வி கேட்டால் இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. யூனியன் விஷயம் இப்போது புரிகிறது. ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது: அந்த 2.05 கோடி உச்சவரம்புக்கு நீதிபதி ஒப்புதல் இருக்கிறதே, அது கவசம் இல்லையா? இன்னொரு சந்தேகமும். பேஸ்பாலுக்கு மட்டும் யூனியனே இல்லாமல் ஏதோ விலக்கு உண்டு என்று எங்கோ படித்தேனே?

---

பழைய சட்ட மாணவன் பதில்:

பேஸ்பாலை முதலில் முடித்துவிடுகிறேன். 1922இல் உச்ச நீதிமன்றம் பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையேயான வணிகமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ரயிலேறி ஊர் ஊராகப் போய் டிக்கெட் விற்று ஆடுகிறவர்களைப் பார்த்து! 1972இல் கர்ட் ஃப்ளட் என்ற வீரர் தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து அங்கே போனார். இந்த விலக்கு ஒரு விநோதம் என்று அவர்களே எழுதிவிட்டு, மாற்றுவது காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், வேலை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். காங்கிரஸ் 1998இல் அவர் பெயரிலேயே சட்டம் போட்டு மேஜர் லீக் வீரர்களுக்கு மட்டும் அதை நீக்கியது. ஃப்ளட் அதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டார்.

இனி உச்சவரம்பு. சமரசத்துக்கு நீதிபதி கொடுக்கும் ஒப்புதல், இது வழக்குப் போட்டவர்களுக்கு நியாயமான முடிவு என்பது மட்டும்தான். இந்த ஏற்பாடு சட்டப்படி சரி என்ற தீர்ப்பு அல்ல. கூட்டுப்பேரம் நடக்கவில்லை, ஆகவே என்எஃப்எல்லுக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்கு இல்லை. அந்த வழக்குக்கு வெளியே நிற்கிறவர்கள், மாநில அட்டர்னி ஜெனரல்கள் உட்பட, எப்போது வேண்டுமானாலும் கோர்ட் கதவைத் தட்டலாம். வீரர்களுக்கு வெளியாரிடமிருந்து வரும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் நியாயமான விலையா என்று புதிதாக ஒரு அலுவலகம் பரிசோதிக்கிறது. அதுவும் போட்டியாளர்கள் கூடி விலை பார்ப்பதுதான் என்று வாதாட ஆள் கிடைக்காமலா போவார்கள்?

பணம் வந்த பிறகு பழைய விதிகளின் அர்த்தமே மாறிவிட்டது. ஐந்து வருடத்தில் நான்கு சீசன் என்பது ஒரு காலத்தில் படிப்பு சம்பந்தப்பட்ட விதி. டியகோ பாவியா, வாண்டர்பில்ட் குவார்ட்டர்பேக், ஜூனியர் கல்லூரியில் ஆடியதைக் கணக்கில் சேர்த்தால் என் வருமானம் போகிறது என்றார், 2024 டிசம்பரில் நாஷ்வில்லில் நீதிபதி அவர் பக்கம் தடை உத்தரவு கொடுத்தார். அதே வாதத்தோடு வேறு ஊர்களில் போனவர்களில் சிலர் ஜெயித்தார்கள், சிலர் தோற்றார்கள்.

என்சிஏஏ இப்போது நம்பி உட்கார்ந்திருப்பது காங்கிரஸை. 2025 ஜூலையில் கொண்டுவந்த ஸ்கோர் மசோதாவில் மூன்றும் இருக்கிறது: ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு, மாநிலச் சட்டங்களுக்கு மேல் ஒரே தேசிய விதி, வீரர்கள் தொழிலாளர்கள் அல்ல என்ற வரி. அதாவது யூனியன் கொடுக்கிற கவசம் வேண்டும், யூனியன் வேண்டாம். நிறைவேறினால் உங்கள் முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலைத் திருத்த வேண்டியிருக்கும்.